நல்ல கண்ணில் கை வைக்கலாமா?

கேள்வி: என் கணவர் கொத்தனார். ஏழு மாதம் முன்பு சுண்ணாம்பு தெறித்து இடது கண்ணில் பார்வை மங்கிவிட்டது. வலது கண்ணும் இரண்டு நாள் சிவந்து, தானாகச் சரியானது. மெடிக்கலில் வாங்கிய சொட்டு மருந்தை இன்னும் விடுகிறார். இப்போது வலது கண்ணிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, இடது கண்ணில் வைக்கலாம் என்கிறார்கள். மிச்சத்தை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று ஒரு படிவம் வேறு. யூடியூபில், ஸ்டெம் செல்லால் பார்வையே போனவர்களைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

பதில்: எடுப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துணுக்கு. அதுவும் கருவிழி வெள்ளை விழியோடு சேரும் விளிம்பிலிருந்து. நடுப்பகுதியை யாரும் தொடுவதில்லை. கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன. துணுக்கைப் பனிக்குடச் சவ்வின் (கருப்பையில் குழந்தையைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு) மேல் வைத்து, ஊட்டத் திரவம் விட்டு, உடல் சூட்டில் வைத்திருந்தால் செல்கள் ஊர்ந்து பரவும். இரண்டு வாரத்தில் மெல்லிய படலமாகிவிடும். இத்தாலியில் 1997-லேயே செய்து காட்டியது இது, ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையிலும் பல வருடங்களாக நடக்கிறது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய 'இரண்டு நாள் சிவந்தது' என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சுண்ணாம்பு காரம், திசுவுக்குள் ஊறி இறங்கும். வலது கண் விளிம்பிலும் கொஞ்சம் செல்கள் அப்போதே செத்திருக்கலாம். மீதி இருப்பவை சமாளிப்பதால் பார்வை நன்றாகவே இருக்கும். அந்தக் குறைந்த இருப்பிலிருந்தும் எடுத்தால் அந்தக் கண்ணிலும் ரத்தக் குழாய்கள் கருவிழி மேல் ஏறலாம், மங்கலாம். அறுவை நாளுக்கு முன்பே இதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சாயம் விட்டு, ஸ்லிட் லேம்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவி) விளிம்பைச் சுற்றி முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் நெருங்கிய உறவினரிடமோ தானமாக வந்த கண்ணிலிருந்தோ எடுக்கலாம். என்ன, அடுத்தவர் செல்லை உடல் ஒதுக்காமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும்.

படிவத்துக்கெல்லாம் பயப்படாதீர்கள். மிஞ்சிய செல்களில் எவை உண்மையான ஸ்டெம் செல்கள் என்று ஆய்வகத் தட்டில் வைத்து ஆராய்வார்கள், அவ்வளவுதான். கையெழுத்துப் போடாவிட்டாலும் சிகிச்சை நிற்காது.

யூடியூப் விஷயம் வேறு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களைக் கண்ணுக்குள் ஊசியாகப் போட்டு மூன்று பெண்களுக்குப் பார்வை போனது. 2017-இல் மருத்துவ இதழில் வந்தது. உங்கள் கணவருக்குச் செய்யப்போவது அது இல்லை.

அப்புறம் அந்தச் சொட்டு மருந்து. ஏழு மாதமாக யாரைக் கேட்டு விடுகிறார்? ஸ்டீராய்டாக இருந்தால் கண் அழுத்தம் ஏறி நரம்பையே கெடுக்கும். பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள், அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வாரமே.