பொன்னாங்கண்ணியும் கேரட்டும் கொடுத்தால் பிள்ளையின் மைனஸ் பவர் இறங்குமா?

மகனுக்கு ஏழு வயது, மைனஸ் 1 பவர். கண்ணாடி போடாமல் கீரையும் கேரட்டும் கொடுத்தால் சரியாகிவிடும் என்று உங்கள் மாமியார் சொல்கிறார், செய்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அதைச் செய்து பார்த்தவள். தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள்.

என் மகள் இரண்டாம் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது 6-ஐ 8 என்று எழுதி வருவாள். கவனமில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில், வருகிற பஸ்ஸின் எண்ணைப் படிக்கச் சொன்னேன். கடைக்கண்ணை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அந்த விரலைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பரிசோதித்ததில் இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.25.

பெண் பிள்ளைக்கு இந்த வயதிலேயே கண்ணாடியா என்று அத்தை அழுதேவிட்டார். பொன்னாங்கண்ணி தின்றால் பகலிலேயே நட்சத்திரம் தெரியும் என்று கேட்டு வளர்ந்தவர். தினமும் காலையில் கீரைக்கட்டைப் பிரித்து, இலை இலையாக ஆய்ந்து, பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் போட்டுப் பொரியல் செய்வார். குழந்தையும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். கண்ணாடி பீரோவுக்குள் இருந்தது. எட்டு மாதம் கழித்துப் போனபோது மைனஸ் 2.

அன்றைக்கு மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மைனஸ் பவர் என்பது கிட்டப்பார்வை. அது பெரும்பாலும், விழி முன்னிருந்து பின்னாக அளவுக்கு மீறி நீண்டுவிடுவதால் வருவது. பெரியவர்களின் விழி நீளமே சுமார் 24 மில்லிமீட்டர்தான். அதில் ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறக்குறைய இரண்டரை பவர் ஏறிவிடும். தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்து மங்கிப்போகும். உயரமாக வளர்ந்த பிள்ளையை உணவால் குட்டையாக்க முடியாதது போலத்தான், நீண்ட விழியைக் கீரையால் சுருக்க முடியாது.

ஆனால் அத்தை சொன்னது பொய்யில்லை. அது வேறொரு கண் நோய்க்கான வைத்தியம். அவர் சிறுமியாக இருந்தபோது அடுத்த வீட்டுப் பையன் விளக்கு வைக்கும் நேரமானால் சுவரைத் தடவிக்கொண்டே நடப்பானாம். ஆட்டு ஈரலும் கீரையும் கொடுத்த பிறகு தேறினானாம். அது மாலைக்கண். மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கு வேண்டிய நிறமியை விழித்திரை உண்டாக்க வைட்டமின் ஏ தேவை. அது மிகவும் குறைந்தால் விழி வறண்டு, வெண்படலத்தில் நுரை போன்ற புள்ளிகள் தோன்றி, கடைசியில் கருவிழியே கரைந்து பார்வை போய்விடும். நம் நாட்டில் 1970 முதல் சிறு குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ மருந்து கொடுத்து வருவது இதற்காகத்தான். ஆகவே முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை மஞ்சள் கரு எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். கீரையில் ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்த்தால்தான் அந்தச் சத்து உடம்பில் சேரும். மாத்திரையாக மட்டும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மிஞ்சினால் ஈரலில் தேங்கிக் கெடுதல் செய்யும்.

மீன் பற்றியும் பலர் சொல்வார்கள். ஹாங்காங்கில் 6 முதல் 8 வயது வரையுள்ள ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை ஆராய்ந்து 2025-இல் வெளியிட்டார்கள். மீனில் உள்ள ஒமேகா-3 என்ற கொழுப்பை அதிகம் சாப்பிட்டவர்களின் விழி நீளம் சற்றுக் குறைவாக இருந்ததாம். பெற்றோரிடம் விசாரித்த உணவுப் பழக்கத்தை வைத்துச் சொன்னது அது. மீன்தான் காரணம் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. மத்தி வாங்கிக் குழம்பு வையுங்கள், கண்ணாடிக்குப் பதிலாக அல்ல.

உணவைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வெளிச்சம். சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளைச் சிங்கப்பூரிலும் சிட்னியிலும் ஒப்பிட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் 29 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை; சிட்னியில் 3 சதவீதம் பேருக்குத்தான். சிட்னிக் குழந்தைகள் வாரத்துக்கு 13 மணி நேரத்துக்கும் மேல் வெளியில் இருந்தார்கள், சிங்கப்பூரில் 3 மணி நேரம். சீனாவின் குவாங்சோவில் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் வெளியே ஒரு வகுப்பு வைத்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் அந்தப் பள்ளிகளில் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்கு. வெளி வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரந்து விழி நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்று கருதுகிறார்கள். பகலில் மரத்தடி நிழல்கூட வகுப்பறையைவிடப் பல மடங்கு பிரகாசம். சூரியனைப் பார்க்க வேண்டியதே இல்லை.

என் மகளோ பள்ளியிலிருந்து நேரே டியூஷனுக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புபவள். விடுமுறையிலும் வெயிலில் விட மாட்டோம், பெண் பிள்ளை கறுத்துவிடுவாள் என்று. இதை எழுதும்போது இப்போதும் நெஞ்சு கனக்கிறது. நிறத்துக்குப் பயந்து எத்தனை பெண் குழந்தைகளை வீட்டுக்குள் அடைத்து வைக்கிறோம்!

வெளியில் விளையாடுவது கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போடத்தான் நன்றாக உதவும். வந்துவிட்ட கண்ணில் அதன் பலன் குறைவு. அதனால் மருத்துவர், பவர் ஏறும் வேகத்தைக் குறைக்க, மிகக் குறைந்த செறிவுள்ள அட்ரோபின் என்ற சொட்டு மருந்தையும் இரவில் போடச் சொன்னார். மகள் இப்போது ஆறாம் வகுப்பு, மைனஸ் 2.75. முன்பு எட்டே மாதத்தில் முக்கால் பவர் ஏறியது. அதே முக்கால் ஏற இப்போது மூன்றரை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இதில் வெயிலின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு, வயதின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்ற பயம் உங்களுக்கும் இருக்கும். மலேசியாவில் வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2002-இல் வெளிவந்த முடிவின்படி, முழுப் பவர் கண்ணாடி போட்டவர்களைவிட அந்தக் குழந்தைகளுக்குத்தான் பவர் வேகமாக ஏறியது. மகனுக்குச் சொட்டு மருந்து விட்டுக் கண் பாவையை விரித்துப் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள். சிறு பிள்ளைகளின் கண் தசை இறுகி நின்று, இல்லாத பவரைக் காட்டிவிடும். பவர் உறுதியானால் அன்றைக்கே கண்ணாடி வாங்கிவிடுங்கள்.

உங்கள் மாமியாரிடம் வாதாட வேண்டாம். கீரையை அவர் ஆயட்டும். கூடவே, மாலை நாலரை மணிக்குப் பேரனைத் திடலுக்குக் கூட்டிப்போகும் பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள். எங்கள் வீட்டில் அத்தைதான் அதை ஏற்றுக்கொண்டார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, ஆறு மணி வரை பேத்தியை வீட்டுக்குத் திரும்ப விடமாட்டார்.