அறுப்பு நன்றாக இருந்தால் கிசான் பணத்தை நிறுத்திவிடுவார்களா?

கேள்வி இதுதான்: சிவகங்கை மாவட்டம் கல்லல் பக்கம் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் கண்மாய்ப் பாசனம், வருஷத்துக்கு ஒரு போகம். போன மாசியில் அறுப்பு நன்றாக வந்து கொள்முதல் பணம் மொத்தமாக வங்கியில் ஏறியது. அதற்குப் பிறகு, நிலம் உள்ள விவசாயிகளுக்கு ஒன்றிய அரசு தவணையாகத் தரும் பி.எம். கிசான் உதவி ₹2,000 வரவில்லை. வருமானம் கூடிவிட்டது என்று நிறுத்திவிட்டார்களா, விதி மாறிவிட்டதா, நிலத்தை வெளியூரில் வேலை பார்க்கும் மகன் பெயருக்கு மாற்றினால் பணம் வருமா?

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். மாற்றாதீர்கள். பத்திர எழுத்தரிடம் பேசி வைத்திருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். காரணம் கீழே வருகிறது.

விளைச்சலுக்கும் இந்தப் பணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஏக்கருக்கு முப்பது மூட்டை கண்டாலும் பதராகப் போனாலும் கிசான் திட்டம் அதைக் கேட்பதில்லை. வருஷம் ₹6,000, ஏப்ரல்-ஜூலை, ஆகஸ்ட்-நவம்பர், டிசம்பர்-மார்ச் என்று மூன்று தவணை. 2019 பிப்ரவரியில் தொடங்கியபோது 2 ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. அந்த ஆண்டு ஜூன் முதல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். கொள்முதல் நிலையத்தில் வாங்கிய பணத்தைப் பார்த்து நிறுத்துகிறார்கள் என்பது டீக்கடைப் பேச்சு. விவசாய வருமானத்துக்கு வருமான வரியும் கிடையாது.

பிறகு ஏன் நின்றது? கிசான் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு அப்பாவின் நிலையைப் பாருங்கள். ஆதார் எண் போட்டுப் பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள், பதிவு எண்தான் வேண்டும். தெரியாவிட்டால் கைபேசி எண்ணை வைத்து அதே தளத்தில் எடுக்கலாம். அங்கே மூன்று வரிகள் தெரியும்: நில விவரம் இணைப்பு, இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு), ஆதாரோடு வங்கிக் கணக்கு இணைப்பு. மூன்றில் ஒன்று ‘இல்லை’ என்றிருந்தாலும் தவணை வராது. 2025 நவம்பர் 19-ல் கோவையில் 21ஆவது தவணையை விடுவித்தபோது ‘எனக்கு வரலையே’ என்றவர்கள் முதலில் பார்க்க வேண்டியிருந்ததும் இதைத்தான்.

இ-கேஒய்சி எளிது. ஆதாரில் கைபேசி எண் இருந்தால் வீட்டிலிருந்தே முடியும். இல்லாவிட்டால் சேவை மையத்தில் விரல் ரேகை வைக்க வேண்டும், மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த கைக்கு ரேகை விழாது. நாலு தடவை வைத்துப் பார்த்துவிட்டு ‘சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க’ என்பார்கள். கிசான் செயலியில் முகத்தைக் காட்டிச் செய்யும் வசதி இருக்கிறது, வெளிச்சத்தில் கண் இமைக்கச் சொல்லும், அவ்வளவுதான்.

வங்கியில் சிக்கல் வேறு மாதிரி. பாஸ்புக்கில் ஆதார் எண் எழுதியிருக்கிறது என்றால் இணைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மானியப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு பதிவேடு இருக்கிறது, அதில் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். நூறு நாள் வேலைக்காக எப்போதோ திறந்து மறந்துபோன கணக்கில் கிசான் பணம் சேர்ந்துகொண்டே இருக்கும், வீட்டில் ‘வரவில்லை’ என்று தேடிக்கொண்டிருப்பார்கள். ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலை என்று பார்த்தால் எந்த வங்கி என்று காட்டும். அந்தப் பாஸ்புக்கைத் தேடிப் பதிவு போட்டுப் பாருங்கள். கணக்கே முடங்கிக் கிடந்தால் தபால்காரர் மூலம் அஞ்சலக வங்கிக் கணக்கு திறந்து ஆதாரை இணைத்துவிடலாம்.

நம் பக்கத்தில் உண்மையான முடிச்சு அந்த மூன்றில் முதலாவது, நிலம். செட்டிநாட்டுப் பட்டாவை எடுத்துப் பாருங்கள். ஒரு சர்வே எண்ணுக்கு ஏழு பெயர், அதில் இரண்டு பேர் பினாங்கில், ஒருவர் காலமாகி நாற்பது வருஷம், ஒருவர் எங்கே என்றே தெரியாது. உழுகிறவர் பெயர் அதில் இருக்காது. அவருடைய தாத்தா பெயர் இருக்கும், அதுவும் ‘பெரி.’ ‘முத்.’ என்று முன்னெழுத்தோடு. ஆதாரில் அதே பெயர் ஆங்கிலத்தில் வேறு எழுத்துக்கூட்டல். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று கணினி ஒதுக்கிவைக்கும்.

இந்த இடத்தில்தான் விதி மாறியிருக்கிறது. 2025 முதல் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கிறார்கள். பட்டா, ஆதார், கைபேசி மூன்றையும் சேர்த்து 11 இலக்க எண். இனி கிசான் உள்பட வேளாண் உதவிகளுக்கு அதுதான் வாசல். கிராம முகாமிலும் பொதுச் சேவை மையத்திலும் கட்டணம் இல்லாமல் பதியலாம். ஆதார் அட்டை, சிட்டா (நில உரிமை விவரம்) நகல், ஆதாரோடு இணைந்த கைபேசி கையில் இருக்க வேண்டும். கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் ஓடிபிக்காகத் திரும்பி ஓட வேண்டியதுதான். அப்பாவுக்கு வேறு வேறு கிராமத்தில் நிலம் இருந்தால் எல்லாப் பட்டா எண்ணையும் ஒரே தடவையில் சொல்லிச் சேர்த்துவிடுங்கள்.

பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தால் இணைக்க அப்பாவுக்குப் பெயர் இல்லை. அதற்குப் பாகப்பிரிவினைப் பத்திரம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் வைத்து, இறந்தவர் பெயரை எடுத்து வாரிசுகள் பெயரைச் சேர்க்கச் சொல்லி இ-சேவையில் பட்டா மாறுதல் மனு கொடுக்கலாம். உட்பிரிவு இல்லாத மாறுதல் என்று கொடுங்கள். உட்பிரிவோடு கேட்டால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அது தனி யுகம். கூட்டுப் பட்டாவாக அப்பா பெயர் ஏறினாலே இப்போதைக்குப் போதும், பங்கை அப்புறம் பிரித்துக்கொள்ளலாம்.

இப்போது முதலில் சொன்ன எச்சரிக்கை. கிசானுக்கு நிலத்துக்கான கெடு நாள் 2019 பிப்ரவரி 1. அதற்குப் பிறகு வாங்கியது, தானமாக எழுதியது எதுவும் கணக்கில் வராது. விலக்கு ஒன்றே ஒன்று, உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலம். அப்பா உயிரோடு இருக்கும்போது உங்கள் பெயருக்கு செட்டில்மென்ட் (குடும்பத்துக்குள் எழுதிக்கொடுக்கும் பத்திரம்) எழுதினால் அவரிடம் நிலம் இல்லை என்று அவர் பெயர் போகும், கெடுவுக்குப் பின் வந்த நிலம் என்று உங்கள் பெயரும் நிற்காது. இப்படிப்பட்ட பதிவுகளையும், கணவன் மனைவி இருவரும் வாங்கும் பதிவுகளையும் 2025-ல் தனியாகப் பிரித்து நிறுத்தி வைத்தார்கள். வீட்டில் அம்மா பெயரிலும் நிலம் இருந்து அவரும் வாங்கிக்கொண்டிருந்தால் அதுதான் காரணமாக இருக்கும். குடும்பம் என்பது இந்தத் திட்டத்தில் கணவன், மனைவி, 18 வயதுக்குள் உள்ள பிள்ளைகள். குடும்பத்துக்கு ஒரு ₹6,000.

அதே விளக்கம் உங்களுக்குச் சாதகமாகவும் இருக்கிறது. நீங்கள் வளர்ந்த பிள்ளை, கிசான் கணக்கில் அப்பாவின் குடும்பத்தில் இல்லை. நீங்கள் வருமான வரி கட்டினாலும் அரசு வேலையில் இருந்தாலும் அவருக்குத் தடை இல்லை. அப்பாவோ அம்மாவோ வரி கட்டினால், அரசு வேலையிலிருந்தால், மாதம் ₹10,000 அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் வாங்கினால் தடை. போக்குவரத்துக் கழகத்திலோ ராணுவத்திலோ இருந்து வந்து உழுகிறவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர், அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டிராக்டர் கடனுக்காக யாரோ சொன்னார்கள் என்று வரிக் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் அதன் நகலை எடுத்து வையுங்கள். விதியில் இருப்பது ‘வரி கட்டியவர்’ என்ற சொல். பூஜ்ய வரிக் கணக்குக்காகப் பெயரை எடுத்திருந்தால் வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் அந்த நகலோடு மனு கொடுக்கலாம்.

ஆனால் குடும்பத் தலைவிகளுக்கு மாநில அரசு மாதாமாதம் தரும் மகளிர் உரிமைத் தொகைக்கு வந்தால் கதை தலைகீழ். அங்கே குடும்பம் என்றால் ரேஷன் அட்டை. அதில் உங்கள் பெயர் இன்னும் அப்பா அட்டையிலேயே இருந்தால் உங்கள் சம்பளமும் சேர்ந்துவிடும், ஆண்டுக்கு ₹2.5 லட்சத்தைத் தாண்டினால் அம்மாவுக்கு ₹1,000 கிடையாது. நிலத்துக்கும் வரம்பு உண்டு: நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர். வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும், சொந்தமாக டிராக்டர் இருக்கக் கூடாது. இந்த நன்செய்க் கணக்குதான் வயிற்றெரிச்சல். கண்மாய் ஆயக்கட்டு (கண்மாய்ப் பாசன நிலம்) என்பதால் காகிதத்தில் நன்செய், கண்மாயில் தண்ணீர் பார்த்து எத்தனை வருஷம் ஆனது என்று யாரும் கேட்பதில்லை. ஆறு ஏக்கர் வறண்ட நன்செய் வைத்திருப்பவர் வெளியே, ஒன்பது ஏக்கர் புன்செய்யில் ஆழ்குழாய் போட்டுக் கரும்பு வைத்திருப்பவர் உள்ளே.

கண்மாயைச் சொன்னதால் ஒன்று. செட்டிநாடு என்றால் தேக்குத் தூணும் வெள்ளைப் பணியாரமும் என்று படம் பிடிக்க வருகிறவர்கள், அந்த வீட்டுக் கூரைத் தண்ணீரையும் தெருத் தண்ணீரையும் ஊரணிக்குக் கொண்டுபோன வரத்துக்கால் எங்கே என்று பார்ப்பதில்லை. அதன் மேல் பிளாட் போட்டுக் கல் ஊன்றியாகிவிட்டது. மிச்ச வரத்துக்காலில் சீமைக்கருவேல். ஊரணி நிறைந்து மறுகால் பாய்ந்தால்தானே கீழே கண்மாய்க்கு வரும்? கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். இருந்தாலும் சொல்லாமல் போக முடியவில்லை.

வருமானம் கேட்கும் மற்ற உதவிகளுக்காக வாங்கும் வருமானச் சான்றில் எல்லோரும் செய்யும் தப்பு, வங்கியில் ஏறிய தொகையை வருமானம் என்று எழுதுவது. ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். மூன்று ஏக்கரில் 36 குவிண்டால், 40 கிலோ சிப்பமாக 90. 2025-26 கொள்முதல் விலை பொதுரகத்துக்குக் குவிண்டால் ₹2,500, ஆக ₹90,000. உழவு, விதை, உரம், களை, அறுப்பு இயந்திர வாடகை, ஏற்றுகூலி எல்லாம் ஏக்கருக்கு ₹19,000 போனால் ₹57,000. மிச்சம் ₹33,000. அதுதான் வருமானம், அதுவும் பன்னிரண்டு மாதத்துக்கு. உரக்கடை ரசீது, அறுப்பு இயந்திரக்காரர் எழுதிக் கொடுக்கும் சீட்டு, கொள்முதல் ரசீது மூன்றையும் ஒரு பையில் போட்டு கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டுங்கள். மனு போடும் இ-சேவைப் பையன் தானாக ஒரு எண்ணைத் தட்டிவிடுவான், பக்கத்தில் நின்று பாருங்கள். (பொய் சொல்லச் சொல்கிறேன் என்று யாராவது கருத்துப் போடுவதற்கு முன்: செலவைக் கழிக்காமல் எழுதுவதுதான் பொய்.)

விளையாத வருஷத்துக்கு உதவி வேண்டுமென்றால் அது கிசான் இல்லை, பயிர்க் காப்பீடு. நெல்லுக்கு சம்பாப் பருவத்தில் விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு. கெடு பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும், நீட்டிப்பார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். கேட்பவை: நடப்புப் பசலி (வருவாய் ஆண்டு) அடங்கல், அதாவது பயிர் விவரப் பதிவு, அல்லது விதைப்புச் சான்று, சிட்டா, பாஸ்புக், ஆதார். மனுவில் தப்பு நடக்கும் இடங்கள்: ஒரே பெயருள்ள பக்கத்து வருவாய்க் கிராமத்தைத் தேர்ந்தெடுப்பது, சர்வே எண் எழுதி உட்பிரிவை விடுவது, கூட்டுறவுச் சங்கம் பயிர்க்கடனில் பிடித்த அதே நிலத்துக்கு இ-சேவையிலும் கட்டுவது. அப்படி இரட்டையாகக் கட்டினால் சிக்கல்தான். குத்தகைக்கோ விளைச்சல் பங்குக்கோ உழுகிறவரும் இதில் சேரலாம். கோயில் நிலம் உழுகிறவருக்குக் கிசான் கிடையாது, ஆனால் இது உண்டு. ‘என் வயல் காய்ந்தது, பணம் வரவில்லை’ என்று சண்டை போட்டுப் பயனில்லை, கிராமத்துச் சராசரி விளைச்சலைத்தான் பார்க்கிறார்கள். அதை முந்தைய ஏழு வருஷத்தில் சிறந்த ஐந்து வருஷச் சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். தொடர்ந்து வறண்ட ஊரில் அந்தச் சராசரியே கீழே கிடக்கும், இழப்பும் சின்னதாகவே தெரியும்.

மூன்று ஏக்கர்காரனுக்கு எதற்கு அரசுப் பணம் என்று கேட்பவர்கள் வருவார்கள். தகுதி இல்லாதவர்கள் வாங்கினார்கள் என்பதும் உண்மை, 2020-ல் தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கும் மேல் போலிப் பதிவு பிடிபட்டது. அந்த வடிகட்டல்தான் இன்று உங்கள் அப்பா பட்டாவின் முன்னெழுத்து வரைக்கும் வந்து நிற்கிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது: நிலையைப் பார்த்துப் படம் எடுங்கள். நில விவரம் ‘இல்லை’ என்றால் சிட்டாவோடு வட்டார வேளாண்மை அலுவலகம், வங்கி இணைப்பு ‘இல்லை’ என்றால் வங்கி, மூன்றும் சரியாக இருந்து பணம் மட்டும் வரவில்லை என்றால் 155261-ல் அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். தகுதி இருந்து காகிதக் குறையால் நின்ற தவணைகள், குறை தீர்ந்தபின் சேர்ந்து வரும். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எந்த மேசையையும் விட்டு எழுந்திருக்காதீர்கள்.