ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்டில் வேரழுகல்

வணக்கம். தென்னை நார்த்தூளில் நட்ட ஃபலனாப்சிஸின் இலைகள் சுருங்குவதால் நாள்தோறும் நீர் ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். அழுகிய வேர் நீரை உறிஞ்ச இயலாமல்தான் இலை வாடுகிறது, ஆகவே நீரை நிறுத்திவிட்டுச் செடியை வெளியே எடுத்துப் பாருங்கள். நனைத்ததும் பச்சையாகும் கெட்டியான வேர்களை விட்டுவிட்டு, விரலால் அழுத்தினால் குழைந்து, மேலுறை உரிந்து உள்நரம்பு மட்டும் மிஞ்சும் பழுப்பு வேர்களையெல்லாம், தீயில் காட்டி ஆறவைத்த கத்தரிக்கோலால் நல்ல பகுதி வரை வெட்டிவிடுங்கள். பலரும் பரிந்துரைக்கும் இலவங்கப்பட்டைத் தூளை வேர் முழுவதும் தூவ வேண்டாம். அது நல்ல வேரையும் உலர்த்திவிடும். ஒரு நாள் நிழலில் உலரவிட்டு, துளைகள் நிறைந்த தொட்டியில் கரித்துண்டும் மரப்பட்டைத் துண்டும் இட்டு நடுங்கள். இனி வேர்கள் வெள்ளிநிறமாக வெளுத்த பிறகே, காலை வேளையில், குருத்தில் நீர் தேங்காதவாறு ஊற்றுங்கள். பூந்தண்டு இருப்பின், மனம் வராவிட்டாலும் அதை நீக்கிவிடுவதே நல்லது.