புதுத் தொட்டிதானே என்று யாரையும் இறங்க விடாதீர்கள்

கேள்வி: புது வீட்டுக்கு சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) கட்டி, மேல் மூடிக்கு கான்கிரீட் போட்டு மூன்று வாரம் ஆகிறது. இந்த வாரம் உள்ளே இறங்கி, கான்கிரீட்டைத் தாங்க வைத்த முட்டுக் கம்புகளையும் பலகையையும் பிரிக்கப் போகிறார்கள். இதே வேலையில் பக்கத்து ஊரில் இரண்டு பேர் மயங்கி இறந்துபோனார்கள் என்று மாமியார் பயப்படுகிறார். மேஸ்திரியோ, "புதுத் தொட்டிம்மா, உள்ள கழிவா கிடக்கு, கேஸ் வர்றதுக்கு?" என்கிறார். யார் சொல்வது சரி? (விழுப்புரம் வாசகி)

பதில்: உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. முதலில் மேஸ்திரிக்கு போன் போட்டு, நான் கீழே சொல்வதெல்லாம் தயாராகும் வரை ஒருவரும் இறங்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

மூடி போட்ட தொட்டிக்குள் இந்த மூன்று வாரமாக என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கான்கிரீட் இறுகுவதற்காக ஊற்றிய க்யூரிங் தண்ணீரும் மழைத் தண்ணீரும் தேங்கி நிற்கும், அதில் பலகையும் சவுக்கு முட்டும் ஊறிக் கிடக்கும், ஊறிய மரம் மக்கத் தொடங்கும், மக்கும்போது அது தின்பது உள்ளே அடைபட்டிருக்கும் ஆக்ஸிஜனைத்தான். இரும்பு ஷீட் துருப்பிடித்தாலும் அப்படித்தான். திறப்பு இருப்பதே இரண்டடிக்கு இரண்டடி, குழந்தைகள் விழுந்துவிடக் கூடாதென்று அதையும் ஒரு பலகை போட்டு மூடியிருப்பீர்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட 21 சதவீதம். 19.5-க்குக் கீழே இறங்கிவிட்டாலே அங்கே ஆளை அனுப்பக் கூடாது. 10-க்குக் கீழே என்றால் மூச்சு முட்டுகிறது என்று சொல்லக்கூட நேரம் கிடைக்காது, கால் மடங்கி அப்படியே தண்ணீரில் விழுந்துவிடுவார். நாற்றமோ இருமலோ எதுவும் முன்கூட்டி எச்சரிக்காது.

நான் சைட் வேலைக்கு வந்த புதிதில் இதைக் கண்ணால் பார்த்தேன். சென்ட்ரிங் (கான்கிரீட்டுக்குப் பலகை அடித்துப் பிரிக்கும்) ஆள் ஒருவர் செருப்பைத் திறப்பின் ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார், இரண்டு பலகை மேலே வந்தது, அப்புறம் சத்தமே இல்லை. "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்ட தம்பி பதில் வராமல் குதிக்கப் போக, சித்தாள் வேலைக்கு வந்த அக்கா ஒருவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து மண்ணில் தள்ளினார். அந்தத் தம்பி பிழைத்தார். அண்ணன் பிழைக்கவில்லை. இந்த விபத்துகளில் காப்பாற்ற இறங்குகிறவர்தான் பெரும்பாலும் இரண்டாவதாகச் சாகிறார்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முந்தின நாளே எல்லாத் திறப்பையும் திறந்து போடுங்கள். தண்ணீரை மேலே இருந்தபடியே மோட்டார் போட்டு இறைக்கச் சொல்லுங்கள். டீசல் அல்லது பெட்ரோல் மோட்டாராக இருந்தால் அதைத் தொட்டிக்குள் இறக்கவே கூடாது, திறப்புக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது, அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு தனியாகவே ஆளைக் கொல்லும். கரண்ட் மோட்டார் ஓடும்போது தண்ணீருக்குள் யாரும் நிற்கக் கூடாது. பிறகு வாடகைக்கு ஒரு ப்ளோயர் எடுத்து, அதன் குழாய் தொட்டியின் அடிவரை போகும்படி விட்டுக் காற்றை உள்ளே தள்ளுங்கள். வாசலில் டேபிள் ஃபேன் வைப்பதெல்லாம் போதாது. வேலை முடிந்து கடைசி ஆள் மேலே வரும்வரை ப்ளோயர் ஓட வேண்டும். இறங்கும் முன் ஆக்ஸிஜன் மீட்டரை அடிவரை இறக்கிப் பார்க்க வேண்டும். மெழுகுவர்த்தி ஏற்றி இறக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள், கார்பன் மோனாக்சைடை அது காட்டிக்கொடுக்காது, உள்ளே எரியும் வாயு இருந்தால் அதுவே வெடிக்க வைக்கும்.

இறங்குகிறவர் உடம்பு முழுவதும் மாட்டும் பெல்ட்டில் கயிறு கட்டியிருக்க வேண்டும், கயிற்றின் மறுமுனையோடு மேலே ஆள் நிற்க வேண்டும். மேலே நிற்பவருக்கு வேறு வேலையே கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பவர் பதில் சொல்லவில்லையா, கயிற்றை இழுங்கள், 108-க்கும் தீயணைப்புக்கு 101-க்கும் போன் போடுங்கள், யாரும் பின்னாலேயே இறங்காதீர்கள். இதற்கெல்லாம் மேஸ்திரி தயாரில்லை என்றால் அந்தப் பலகை இன்னும் ஒரு வாரம் உள்ளேயே கிடக்கட்டும்.

கேள்வி: சாரத்தில் நின்று பூசும் கொத்தனாருக்கு பெல்ட் வாங்கிக் கொடுத்தேன். இடுப்பில் கட்டிக்கொள்கிறார், கொக்கியைச் சவுக்குக் கம்பிலேயே மாட்டுகிறார். போதுமா? (தேனி வாசகர்)

பதில்: வாங்கிக் கொடுத்தீர்களே, அதற்கே நன்றி. ஆனால் சாரம் சரிந்தால் அதில் மாட்டிய ஆளும் அதோடு போய்விடுவார். கொக்கி கட்டடத்தோடு இருக்க வேண்டும்: கான்கிரீட் தூணிலோ பீமிலோ சுற்றிக் கட்டிய உறுதியான கயிற்றில், தலைக்கு மேலே. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் விழும் வேகத்தில் வயிற்றையும் முதுகெலும்பையும் நொறுக்கிவிடும், தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்தான் வேண்டும். அப்படியே சாரத்தையும் ஒரு தடவை பாருங்கள். நிற்கும் இடத்தில் ஒற்றைப் பலகை போட்டிருந்தால் இன்னொன்று சேர்த்துப் போடச் சொல்லுங்கள், மழை பெய்த மறுநாள் கயிற்று முடிச்சுகளை எல்லாம் இழுத்துப் பார்த்த பிறகே ஏறச் சொல்லுங்கள்.

கேள்வி: மாடிக்குப் பக்கத்தில் 11 கேவி (11,000 வோல்ட்) மின் லைன் போகிறது. ஆள் எட்டும் தூரத்தில் இல்லை. கான்கிரீட்டுக்கான கம்பி வேலை செய்யலாமா? (கரூர் வாசகர்)

பதில்: கைக்கு எட்டாதுதான், கம்பிக்கு எட்டும். முழுக் கம்பி 12 மீட்டர், அதாவது சுமார் 40 அடி. கீழே இருந்து நிமிர்த்தித் தூக்கும்போது அது எந்தப் பக்கம் சாயும் என்று பிடித்திருப்பவருக்கே தெரியாது. லைன் கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் அது கட்டி முடித்த வீட்டுக்கான கணக்கு, கம்பி தூக்கும் வேலைக்கு அதை நம்பாதீர்கள். மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, லைனை மாற்றவோ வேலை நேரத்தில் சப்ளையை நிறுத்தவோ கேளுங்கள். அதுவரை கம்பியைக் கீழேயே வெட்டி, லைன் இல்லாத பக்கமாக ஏற்றுங்கள்.