‘இது படமா?’ என்று கேட்டுவிட்டார், என்ன செய்ய?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. மூன்று வருடமாகப் படம் எடுக்கிறேன். போன வருடம் ஒரு கேமரா கிளப்பில் சேர்ந்தேன். மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம். ஆளுக்கு இரண்டு படம் புரொஜெக்டரில் போட்டுப் பேசுவோம். சென்ற கூட்டத்தில், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடிகாலையில் பூக்கட்டும் ஒரு பாட்டியை எடுத்த படத்தைப் போட்டேன். மூத்தவர் ஒருவர், “இது படமா? ஒரே இருட்டு. கேமராவை வித்துட்டு நல்ல போன் ஒண்ணு வாங்குங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு கேமராவைத் தொடவே மனசு வரவில்லை. இன்னொன்று: மற்றவர்கள் படத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டால், “சூப்பர் சார்” என்பதைத் தவிர எனக்கு வாயில் எதுவும் வருவதில்லை. அந்தப் படத்தையும் இணைத்திருக்கிறேன். (பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: முதலில் அந்த நக்கீரரைப் பார்த்துவிடுவோம். எல்லா கிளப்பிலும் ஒருவர் இருப்பார். அவர் சொன்னதில் ஒரே ஒரு சொல்லில்தான் சரக்கு இருக்கிறது: இருட்டு. மற்றதெல்லாம் கூட்டத்தைச் சிரிக்க வைக்கச் சொன்னது, உங்கள் படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு மீதியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். சொல்வது சுலபம், எனக்கும் தெரியும். சிரிப்புச் சத்தம்தான் ராத்திரி வரை காதில் நிற்கும்.

படத்தை அனுப்பியது நல்லதாயிற்று. கருத்துச் சொல்வது எப்படி என்று பாடம் எடுப்பதைவிட, சொல்லியே காட்டிவிடுகிறேன்.

படத்தைத் திறந்ததும் என் கண் முதலில் போனது வலது மேல் மூலையில் எரியும் டியூப்லைட்டுக்கு. அப்புறம் பாட்டியின் தலைக்குப் பின்னால் தொங்கும் மஞ்சள் பேனருக்கு. அதில் இருக்கும் கடைப் பெயரை என்னை அறியாமல் படித்தும் விட்டேன். பாட்டியின் முகத்துக்கு மூன்றாவதாகத்தான் வந்தேன். கண் அப்படித்தான் போகும், வெளிச்சத்துக்கும் எழுத்துக்கும். இப்போது நீங்களே கட்டை விரலால் அந்த டியூப்லைட்டை மறைத்துப் பாருங்கள். பாட்டி ஓரடி முன்னால் வந்தது போல இருக்கிறதா?

இருட்டு விஷயத்துக்கு வருவோம். படத்தில் பாதி இடத்தை மல்லிகைக் குவியல் பிடித்திருக்கிறது. கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துத்தான் கணக்குப் போடும். இவ்வளவு வெள்ளையை, கூடவே ஒரு டியூப்லைட்டைக் கண்டதும் வெளிச்சம் அதிகம் என்று முடிவுகட்டி மொத்தப் படத்தையும் மங்க வைத்துவிட்டது. மல்லிகை அழுக்கு வேட்டி நிறத்தில் இருப்பதற்கு அதுதான் காரணம். மீட்டர் போட்ட கணக்கைவிடப் படத்தை வெளிச்சமாக்கவோ மங்கலாக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வைத்திருந்தால் முகமும் தெளிந்திருக்கும். போதாக்குறைக்கு, பழைய புரொஜெக்டர்கள் நிழலை எல்லாம் கறுப்பாக்கிவிடும். உங்கள் போனில் தெரிந்த படமும் அவர் சுவரில் பார்த்த படமும் ஒன்றாக இருந்திருக்காது. கூட்டத்துக்கு முன்பே ஒரு தடவை சுவரில் போட்டுப் பார்ப்பது நல்லது.

அவர் சொல்லாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. முகம் ஷார்ப்பாக இல்லை. முன்னால் இருக்கும் கூடையின் விளிம்புதான் கூர்மையாக இருக்கிறது. 50 எம்எம் லென்ஸில் எஃப் 1.8 வைத்து, அதாவது லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து, ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள். உங்களுடையது போன்ற கேமராவில் அப்போது தெளிவாக விழுவது ஆறேழு சென்டிமீட்டர் ஆழம்தான், அதாவது நாலு விரல் அகலம். அதைக் கூடைக்குக் கொடுத்துவிட்டீர்கள். ஃபோகஸ் புள்ளியைப் பாட்டியின் கண்ணில் வைத்து, துவாரத்தை எஃப் 4 வரை மூடி, குறையும் வெளிச்சத்தை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றிக்கொள்ளுங்கள். படத்தில் புள்ளி புள்ளியாகக் கொஞ்சம் நாய்ஸ் வந்தால் வரட்டும்.

அந்தக் கைகள்! நாரை இழுக்கும் வேகத்தில் விரல்கள் கலங்கித் தெரிகின்றன. சிலர் இதையும் குறை என்பார்கள், கேட்காதீர்கள். பூக்கட்டும் விரல்கள் கண்ணால் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். ஒருவேளை நீங்கள் எடுக்க நினைத்தது அந்தக் கைகளைத்தானோ?

இந்தக் கேள்வியை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல வருடத்துக்கு முன் ஒரு பையன் ஓட்டு வீடு ஒன்றின் படத்தைக் கொண்டுவந்தான். வீடு சாய்ந்திருக்கிறது, மின்கம்பி குறுக்கே போகிறது, வானம் வெளுத்துக் கிடக்கிறது என்று நான் பத்து நிமிடம் பேசினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனான். சாலையை அகலப்படுத்த மறுவாரம் இடிக்கப்போகும் அவன் தாத்தா வீடு அது என்று பிறகு வேறொருவர் சொல்லித் தெரிந்தது. நான் சொன்ன குறைகள் எல்லாம் சரிதான். ஆனால் எதற்காக எடுத்தாய் என்று முதலில் கேட்டிருந்தால், திண்ணையையும் வாசற்படியையும் கிட்டப்போய் எடுத்து வை என்று சொல்லியிருப்பேன். இடிப்பதற்குள் போய் எடுத்தும் இருப்பான்.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே பிரெஸோன் 1948 ஜனவரி 30 அன்று டெல்லியில் காந்தியைச் சந்தித்து, நியூயார்க்கில் நடந்த தன் கண்காட்சியின் கேட்லாகைக் காட்டினார். காந்தி பக்கம் பக்கமாகப் புரட்டி வந்தவர் ஒரு படத்தில் நின்றார். சவ வண்டியைப் பார்த்தபடி கவிஞர் பால் குளோதெல் நிற்கும் படம். இதன் அர்த்தம் என்ன என்று கேட்டார். ஒளியைப் பற்றியோ கோணத்தைப் பற்றியோ அல்ல, அது ஒன்றைத்தான் கேட்டார். அன்று மாலைதான் அவரைச் சுட்டார்கள்.

ஆகவே “சூப்பர் சார்” வரும் இடத்தில் ஒரு கேள்வியை வைத்துப் பாருங்கள். “சார், எனக்கு முதல்ல அந்தக் கம்பம்தான் கண்ணுல பட்டுச்சு. அதைக் காட்டணும்னுதான் வச்சீங்களா?” இதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. உங்கள் கண் எங்கே போனது என்று சொல்ல நீங்கள் நிபுணராக இருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அடுத்த தடவை மாற்றிக்கொள்ள முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். பத்தாயிரம் ரூபாய் போன் வைத்திருப்பவரிடம் லென்ஸ் பத்தவில்லை என்று சொல்லி என்ன பயன்? “சூப்பர்” சொல்லியே தீர வேண்டுமென்றால் எது சூப்பர் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் சூப்பரும் “இது படமா”வும் என் கணக்கில் ஒன்றுதான். இரண்டு பேருமே படத்தைப் பார்க்கவில்லை.

உங்கள் படத்தைப் பற்றிப் பேசும்போது கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் இருங்கள். “காலையில் நாலு மணிக்கு எழுந்து போனேன், ஒரே கூட்டம், டியூப்லைட்டை அணைக்கச் சொல்ல முடியுமா?” எல்லாம் உண்மைதான். ஆனால் பார்ப்பவருக்கு அது படத்தில் தெரியாது. “எப்படி இருக்கு?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். “முகம் முதலில் தெரிகிறதா, கையா?” என்று கேளுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே ஏதோ கோளாறு இருக்கிறது. அதற்கு அவர்கள் சொல்லும் வைத்தியத்தை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம். கிராப் பண்ணு என்பார் ஒருவர், கறுப்பு வெள்ளை ஆக்கு என்பார் இன்னொருவர். உண்மையில் நீங்கள் இரண்டடி வலப்பக்கம் நகர்ந்து நின்றிருந்தாலே போதும், டியூப்லைட் படத்துக்கு வெளியே போயிருக்கும்.

இந்த வாரம் ஒரு வேலை. படத்தை ஸ்டூடியோவில் 4x6 அளவில் பிரிண்ட் போடுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ‘ட’ வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைத் தலைகீழாகச் சேர்த்துச் சட்டம் போல வைத்து, படத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். கையும் பூவும் முகத்தில் பாதியும் மட்டும் இருந்தால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எனக்கு அதுதான் நல்ல படமாகத் தெரிகிறது.

அப்படியே இன்னொரு பிரிண்டும் போட்டுப் பாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். “சொல்லியிருந்தா நல்ல சீலை கட்டிட்டு வந்திருப்பேன்ல” என்று திட்டு விழ வாய்ப்பு அதிகம். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.