பட்டறைத் தபால்: ஐந்து பந்தயம் ஜெயித்தவருக்குப் பட்டம் ஏன் இல்லை?

இந்த இதழில் பதில் பெறும் கடிதங்கள் எல்லாமே ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. பாதிக் கேள்விகள் அமெரிக்க வட்டார ஸ்டாக் கார் (கடைக் காரின் சாயலில் செய்த பந்தயக் கார்) பந்தயத்தைப் பற்றியவை. மீதி, அதைப் பார்த்துவிட்டு நம் ஊரில் என்ன செய்யலாம் என்ற ஆசையில் எழுதப்பட்டவை.

கேள்வி: 2012-ல் அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் வட்டாரத் தொடரான கே அண்டு என் புரோ சீரிஸ் ஈஸ்டில் கோரி லஜோய் ஐந்து பந்தயம் ஜெயித்தார். ஆனால் அதைவிடக் குறைவாக ஜெயித்த கைல் லார்சனுக்குத்தான் பட்டம். இது என்ன கணக்கு? (வாசகர், கீழக்கரை)

பதில்: புள்ளிக் கணக்கு. நாஸ்கார் 2011-ல் தன் புள்ளி முறையை எளிமையாக்கியது. மேல்மட்டக் கோப்பைத் தொடரில் முதலிடத்துக்கு 43, அடுத்த இடத்துக்கு 42 என்று ஒவ்வொன்றாக இறங்கி 43-ஆம் இடத்துக்கு 1 புள்ளி. ஜெயித்தவருக்கு மேற்கொண்டு 3. வட்டாரத் தொடர்களிலும் இடத்துக்கு ஒரு புள்ளி என்பதுதான் அடிப்படை.

அந்த 43 புள்ளி அளவிலேயே போட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரு பந்தயத்தில் ஜெயிக்கிறார், 46. அடுத்ததில் ரேடியேட்டர் ஹோஸ் கழன்று 25-ஆம் இடம், 19. மொத்தம் 65. இன்னொருவர் இரண்டு பந்தயத்திலும் நான்காவது. 40-ம் 40-ம் எண்பது. இடைவெளி 15. ஜெயித்தவருக்கும் நான்காவதாக வந்தவருக்கும் ஒரு பந்தயத்தில் உள்ள வித்தியாசமோ 6 தான். ஒரு ஹோஸ் கிளிப்பால் போன புள்ளியை மீட்க, எதிராளி நான்காவதாகவே வந்துகொண்டிருந்தாலும், மூன்று பந்தயம் ஜெயித்தாக வேண்டும்.

அதனால்தான் வட்டாரத் தொடரில் அனுபவமுள்ள குழுக்கள் எஞ்சினில் இன்னும் பத்துக் குதிரைத்திறன் தேடுவதற்கு முன், காரை முடிவுக்கோடு வரை கொண்டுவரும் வேலையில் காசைப் போடுகின்றன. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்பை விரித்து வெயிலில் பார்ப்பார்கள். மினுமினுவென்று பொடி தெரிந்தால் பேரிங் தேய்கிறது என்று அர்த்தம். முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் நட்டிலும் சேர்த்துப் பெயின்டால் ஒரு கோடு இழுப்பார்கள். அடுத்த முறை கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது, ஸ்பேனர் வைத்துப் பார்க்கவே வேண்டாம். முன் கிரில்லில் டயர் ரப்பர்த் துணுக்கு அடைத்து எஞ்சின் சூடேறுவது குட்டை ஓடுபாதைகளில் அடிக்கடி நடக்கும். அந்த வலையைச் சுத்தம் செய்ய ஒரு பிரஷ் போதும்.

லார்சனைப் பற்றி இன்னொன்று. அதே லார்சன் 2021-ல் கோப்பைத் தொடரில் பத்துப் பந்தயம் ஜெயித்து சாம்பியன் ஆனார். அந்தக் கிழக்குத் தொடரும் அதன் மேற்குப் பங்காளியும் 2020 முதல் ஆர்கா மெனார்ட்ஸ் சீரிஸ் என்ற பெயரின் கீழ் ஓடுகின்றன. பழைய பெயரில் தேடினால் 2019-ஓடு பட்டியல் நின்றுவிடும்.

கேள்வி: ஸ்டாக் கார் என்றால் ஷோரூமில் வாங்கிய கார்தானே? (வாசகர், தேவிபட்டினம்)

பதில்: 1949-ல் நாஸ்காரின் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' தொடர் தொடங்கியபோது ஏறக்குறைய அப்படித்தான். இன்று பெயர் மட்டும் மிச்சம். உள்ளே பற்றவைத்த இரும்புக் குழாய்ச் சட்டம், முன்னால் வி-8 எஞ்சின், பின் சக்கர இழுவை. மேலே போர்த்திய உடல்தான் கடைக் காரின் சாயலில் இருக்கும். கதவு திறக்காது, ஓட்டுநர் ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்குவார்.

கேள்வி: நான் பட்டணம்காத்தானில் மெக்கானிக். அந்தக் கார்களில் வலது பின் டயர் இடது டயரைவிடப் பெரிதாக இருப்பதாகப் படித்தேன். நம்மிடம் அப்படி வந்தால் தவறு என்று சொல்லி மாற்றிவிடுவோம். அவர்கள் ஏன் வேண்டுமென்றே செய்கிறார்கள்? (வாசகர், ராமநாதபுரம்)

பதில்: டீக்கடைப் பேப்பர் கப் ஒன்றை மேசையில் படுக்கப்போட்டு உருட்டிவிடுங்கள். நேராகப் போகாது. வாய்ப்பக்கம் பெரிது, அடிப்பக்கம் சிறிது என்பதால் அடிப்பக்கத்தை உள்ளே வைத்து வட்டமடிக்கும். உங்கள் கேள்விக்கு மொத்தப் பதிலும் அந்தக் கப்பில் இருக்கிறது.

நீள்வட்ட ஓடுபாதையில் திருப்பம் எல்லாமே இடதுபக்கம். நம் சாலைக் காரில் டிஃபரன்ஷியல் இருப்பதால் திருப்பத்தில் வெளிச் சக்கரம் வேகமாகவும் உள்சக்கரம் மெதுவாகவும் சுற்றிக்கொள்ளும். ஸ்டாக் காரில் பின் அச்சு பூட்டப்பட்டது, இரண்டு சக்கரமும் ஒரே சுற்று. ஆகவே வெளிச் சக்கரம் கூடுதல் தூரம் போக அதன் சுற்றளவே கூடுதலாக இருக்க வேண்டும். இந்த வித்தியாசத்துக்கு ஸ்டாகர் என்று பெயர்.

எவ்வளவு என்று நீங்களே போடலாம். திருப்பத்தின் ஆரம் 60 மீட்டர், இரு பின் டயர்களின் நடுக்கோட்டுக்கு இடையே 1.5 மீட்டர் என்று வையுங்கள். வெளிச் சக்கரம் 60.75 மீட்டர் ஆரத்திலும் உள்சக்கரம் 59.25 மீட்டர் ஆரத்திலும் ஓடும். வகுத்தால் 1.025. இடது டயரின் சுற்றளவு 87 அங்குலம் என்றால் வலதுக்கு இரண்டே கால் அங்குலம் கூடுதல் வேண்டும். நடைமுறையில் இதைவிடக் குறைத்தே வைப்பார்கள். முழுதும் வைத்தால் நேர்ப்பாதையில் கார் இடதுபக்கமாகவே இழுக்கும், டயரும் தேய்ந்து சூடேறும்.

அளப்பதிலேயே பலர் கோட்டை விடுகிறார்கள். டயரில் ஓட்டத்துக்கு உரிய காற்றை அடித்து, கொஞ்ச நேரம் விட்டு, தரையில் படும் பகுதியின் நடுக்கோட்டில் மெல்லிய இரும்பு டேப்பால் சுற்றி அளக்க வேண்டும். தையல்காரர் டேப் இழுபடும், ஆகாது. வலது டயர்தான் அதிக பாரம் தாங்குகிறது, அதிகம் சூடாகிறது, அதன் காற்றழுத்தமும் அதிகம் ஏறுகிறது. குளிர்ந்த நிலையில் சரியாக இருந்த ஸ்டாகர் இருபது சுற்றுக்குப் பிறகு வளர்ந்துவிடும், கார் பின்பக்கம் வழுக்கத் தொடங்கும். நம் கடற்கரையில் இன்னொரு வில்லங்கம் உண்டு. காற்றில் ஈரம் அதிகம். கம்பிரசர் தொட்டியின் அடித் திருகைத் தினமும் திறந்து தண்ணீரை வடிக்காவிட்டால் அந்த ஈரம் டயருக்குள் போகும். ஈரக்காற்று சூட்டில் கணக்கில்லாமல் அழுத்தம் ஏற்றும். பந்தயக் குழுக்கள் உலர்ந்த நைட்ரஜன் அடிப்பதற்கு இதுதான் காரணம்.

ஸ்டாகரோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது குறுக்கு எடை. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி எடைப்பலகை. உதாரணத்துக்கு முன் இடது 400 கிலோ, முன் வலது 312, பின் இடது 404, பின் வலது 284, மொத்தம் 1,400. முன் வலதையும் பின் இடதையும் கூட்டினால் 716. மொத்தத்தில் 51 சதவீதம். இந்தச் சதவீதம் கூடினால் கார் 'டைட்' ஆகும், அதாவது ஸ்டீரிங்கை ஒடித்தாலும் மூக்கு திரும்ப மறுத்துச் சுவரை நோக்கிப் போகும். குறைந்தால் 'லூஸ்', வால் முந்திக்கொண்டு வரும். பின் இடது ஸ்பிரிங்கின் மேல் உள்ள திருகை அரைச் சுற்று இறக்கினால் அந்த மூலையில் பாரம் ஏறும், மேலே தூக்கினால் குறையும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். டயர்க் காற்றையும் திருகையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

எடை போடும்போது ஓட்டுநர் அல்லது அவர் எடைக்கு மூட்டை சீட்டில் இருக்க வேண்டும், பெட்ரோல் வழக்கமான அளவு, ஆன்ட்டி ரோல் பாரின் (திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) ஒரு முனை கழற்றியிருக்க வேண்டும். தரை மட்டமாக இல்லாவிட்டால் எண்கள் பொய் சொல்லும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபே போதும், நான்கு பலகையின் மேல்மட்டமும் ஒரே கோட்டில் வரும்வரை தகடு வைத்துச் சரிசெய்யுங்கள்.

இத்தனையும் ஒரே பக்கம் திரும்பும் பாதைக்கு மட்டும். இருங்காட்டுக்கோட்டை, கோவை செட்டிபாளையம் பந்தயப் பாதைகளில் இடது வலது இரண்டும் உண்டு. அங்கேயும் உங்கள் பட்டறைக்கு வரும் கார்களுக்கும் ஸ்டாகர் கூடாது. நீங்கள் மாற்றிவிடுவது சரியே.

கேள்வி: மஞ்சள் கொடி காட்டியதும் எல்லாரும் பிட்டுக்குள் ஓடுவது ஏன்? (வாசகர், தொண்டி)

பதில்: மஞ்சள் கொடி என்றால் பாதையில் ஆபத்து, மெதுவாகப் போ என்று அர்த்தம். பிட் என்பது டயர் மாற்றவும் பெட்ரோல் போடவும் ஒதுங்கும் இடம். அரை மைல் பாதையில் ஒரு சுற்று இருபது விநாடிக்குள் முடிந்துவிடும். பச்சைக் கொடியில் உள்ளே போய் டயர் மாற்றி வெளியே வருவதற்குள் மற்றவர்கள் இரண்டு சுற்றோ அதற்கு மேலோ முன்னால் போய்விடுவார்கள். மஞ்சளில் எல்லாரும் வழிகாட்டிக் காரின் பின்னால் மெதுவாக ஊர்வதால் இழப்பு சில இடங்களோடு நிற்கும். சிறிய பாதைகளில் பிட் ஆட்களுக்கான செலவைக் குறைக்க, பாதிப் பந்தயத்தில் இடைவேளை விட்டு எல்லாரையும் ஒன்றாக நிறுத்தும் வழக்கமும் வட்டாரத் தொடர்களில் உண்டு.

கேள்வி: அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள டேடோனாவில் முதலில் கடற்கரை மணலில்தான் கார் ஓட்டினார்களாம். நம் தனுஷ்கோடியில் ஏன் கூடாது? (நண்பர்கள் நால்வர், ராமேசுவரம்)

பதில்: ஓட்டினார்கள், உண்மைதான். 1936 மார்ச் 8-ல் டேடோனாவில் முதல் ஸ்டாக் கார் பந்தயம் 3.2 மைல் சுற்றில் நடந்தது. ஒரு பக்கம் கடல்மணல், மறுபக்கம் தார்ச்சாலை, இரண்டையும் இணைக்க இரண்டு மணல் திருப்பம். ஜெயித்தவர் மில்ட் மேரியன். பின்னாளில் நாஸ்காரைத் தொடங்கிய பில் ஃபிரான்ஸ் ஐந்தாவது. அந்தத் திருப்பங்களில் மணல் குழிந்து கார்கள் புதைந்து வழியை அடைத்தன. கடல் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு. 1959-ல் டேடோனாவில் 2.5 மைல் தார்ப்பாதை வந்ததும் மணல் பந்தயத்தை விட்டுவிட்டார்கள்.

டேடோனா மணல் நுண்ணியது, ஈரத்தில் இறுகிக் கெட்டியாகும். தனுஷ்கோடி மணலில் நடந்தாலே கணுக்கால் புதைகிறது. கார் பத்தடி போனால் அச்சு வரை இறங்கிவிடும். அது மட்டுமல்ல, ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் அந்த மணலில்தான் முட்டையிடுகின்றன. சக்கரம் ஏறினால் ஒரு குழி முட்டையும் போயிற்று. தயவுசெய்து அந்த எண்ணத்தை விடுங்கள். அரிச்சல்முனைச் சாலையிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ இரவில் ஓட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணத்தையும் சேர்த்து விடுங்கள். எதிரே விளக்கில்லாமல் மீன் பெட்டியோடு வருகிற சைக்கிள்காரருக்கு மஞ்சள் கொடி காட்ட அங்கே யாரும் இல்லை.

கேள்வி: என் மகனுக்குப் பதினாறு வயது. பந்தய ஓட்டுநர் ஆக வேண்டும் என்கிறான். எங்கே தொடங்குவது? பழைய கார் ஒன்று வாங்கி வீட்டிலேயே தயார் செய்யலாமா? (தந்தை, மண்டபம்)

பதில்: கார் வாங்காதீர்கள். முதலில் கார்ட்டிங், அதாவது சிறிய திறந்த வண்டிகளில் நடக்கும் பந்தயம். அதில் அவர் ஒரு வருடம் நிலைத்தால் பயிற்சிப் பள்ளி, பிறகு இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தரும் போட்டி உரிமம். அதற்கு மருத்துவச் சான்றும், பதினெட்டு நிரம்பாதவர் என்பதால் உங்கள் சம்மதமும் தேவைப்படும். ஸ்டாக் கார்தான் கனவு என்றாலும் வழி இதுவே. கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போய், 2010-ல் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில் பாதையில் முதல் பந்தயத்திலேயே 13-ஆம் இடம். அந்த சீசனில் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்த அபிமான ஓட்டுநரும் அவரே.

காசு செலவழிக்க வேண்டியது உடம்பைக் காக்கும் சாமான்களில். பைக் ஹெல்மெட் காருக்கு ஆகாது, அதன் உள்துணி தீயைத் தாங்காது. கழுத்துக் காப்புக் கருவியைத் தவிர்க்கவே கூடாது. 2001 பிப்ரவரி 18-ல் டேடோனா கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் நாஸ்கார் அந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது. திடீரென்று நிற்கும்போது உடலைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும், தலையை எதுவும் பிடிக்காது, கபாலத்தின் அடி முறியும். அதைத் தடுப்பதுதான் அதன் வேலை.

பெல்ட் விஷயத்தில் உங்கள் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. பந்தயச் சாமான்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான எஸ்.எஃப்.ஐ.யின் முத்திரை உள்ள பெல்ட்டுக்கு ஆயுள் தயாரித்த தேதியிலிருந்து இரண்டு வருடம். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் முத்திரையில் காலாவதி ஆண்டே அச்சாகியிருக்கும். பழைய பெல்ட் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வெயிலும் உப்புக்காற்றும் நாடாவை அரிக்கும், பூட்டின் ஸ்பிரிங் துருப்பிடித்து விபத்தில் திறக்க மறுக்கும். ஓட்டம் முடிந்ததும் கழற்றி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, மூடிய பெட்டியில் வையுங்கள். உங்கள் போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதில் அலசாதீர்கள், காய்ந்ததும் உப்புப் படிந்து நிற்கும். குழாயில் வரும் காவிரித் தண்ணீர் ஒரு வாளி போதும்.