ஃபார்மேட் போட்டும் அடங்காத கம்ப்யூட்டர்: வாசகர் கேள்வி-பதில்

கடலூர், புதுச்சேரி வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்தவை பெரும்பாலும் ஒரே ரகக் கேள்விகள். சிஸ்டம் ஓடுகிறது, ஆனால் நம்பி வேலை பார்க்க முடியவில்லை. ஒரேயடியாகப் போய்விட்ட கம்ப்யூட்டரைச் சரிபார்ப்பது சுலபம். எப்போதாவது மட்டும் படுத்துக்கொள்வதுதான் பணத்தையும் பொறுமையையும் தின்னும். அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பம் வாசகர்: ஆறு வருடப் பழைய சிஸ்டம். தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. சில நாள் ஒன்றும் இல்லை, சில நாள் மணிக்கொரு தடவை. கடையில் இரண்டு தடவை ஃபார்மேட் போட்டு, ராமையும் மாற்றினார்கள். இப்போது மதர்போர்டு போச்சு என்கிறார்கள். புதுசே வாங்கிவிடவா?

பொறுங்கள். ரீஸ்டார்ட் ஆகும் முன் நீலத்திரை (விண்டோஸ் நின்றுபோனதைச் சொல்லும் எரர் திரை) வருகிறதா, இல்லை சுவிட்சை அணைத்த மாதிரி படக்கென்று இருட்டாகிறதா? நீலத்திரை வந்த வேகத்தில் விண்டோஸே ரீஸ்டார்ட் செய்துவிடும், கண்ணில் படாது. ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி அமைப்பில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள்.

நீலத்திரை நின்றால் ராம், டிரைவர் மென்பொருள், டிஸ்க் பக்கம் தேடலாம். படக்கென்று போனால் கரண்ட் வரும் வழியில் தேட வேண்டும்: சுவர் பிளக், யுபிஎஸ், எஸ்எம்பிஎஸ் (சுவர் கரண்டை கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி), அதற்கப்புறம்தான் போர்டு. விண்டோஸின் ஈவன்ட் வியூவர் என்ற பதிவேட்டில் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவைக் காட்டி, எஸ்எம்பிஎஸ் போச்சு என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. முறையாக ஷட்டவுன் ஆகாமல் சிஸ்டம் நின்றது என்பதை மட்டும்தான் அந்தப் பதிவு சொல்கிறது. ஏன் என்று சொல்வதில்லை.

அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினட்டைத் திறங்கள். ப்ராசசர் ஓரமாக மதர்போர்டில் நாலு அல்லது எட்டு முனை கொண்ட பவர் கனெக்டர் ஒன்று இருக்கும். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் வயர் வரும் முனைகளில் ஒன்று மட்டும் பழுப்பேறி, பிளாஸ்டிக் ஓரம் லேசாக உருகி, உள்ளே இருக்கும் உலோகம் கறுத்திருந்தால் அங்கே பிடிப்பு தளர்ந்து சூடேறியிருக்கிறது. ப்ராசசருக்கு முக்கியமான கரண்ட் அந்த வழியாகத்தான் போகிறது. வேலைப் பளு, அதாவது லோடு, ஏறும்போது மட்டும் சிஸ்டம் விழுவதற்கு இது ஒன்றே போதும். இதைப் பார்க்காமலேயே போர்டு மாற்றிய சிஸ்டங்கள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன.

பிறகு எஸ்எம்பிஎஸ். 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். பச்சை வயரையும் கறுப்பையும் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பது, அதற்கு உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் காட்டும். சும்மா இருக்கும்போது 12 காட்டிவிட்டு லோடு ஏறியதும் சரிவதுதான் வயதான எஸ்எம்பிஎஸ்ஸின் குணம். நண்பரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அதைவிட நம்பகமான சோதனை வீட்டில் கிடையாது. உங்களுடையதைத் திறக்க மட்டும் வேண்டாம். உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.

அதற்கும் அடங்காவிட்டால் போர்டை வெளியே எடுத்து அட்டைப் பெட்டி மேல் வைத்து, ப்ராசசர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் மாட்டி ஓட்டுங்கள். கிராபிக்ஸ் கார்டும் வேண்டாம். ஆனால் 'எஃப்' என்று முடியும் இன்டெல் ப்ராசசராக இருந்தால் கார்டு இல்லாமல் படம் வராது. நன்றாக ஓடினால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, தேதியோடு எழுதி வையுங்கள். கடையில் ஃபார்மேட்டும் ராமும் சேர்ந்தே மாறின. நடுவில் நாலு நாள் நன்றாக ஓடியிருந்தால் அது எதனால் என்று யாரால் சொல்ல முடியும்? புதுசு வாங்கும் பேச்சு இதற்கெல்லாம் அப்புறம்தான்.

தேவனாம்பட்டினம் வாசகி: கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. மழைக்காலத்தில் காலையில் ஆன் செய்தால் பீப் சத்தம் மட்டும் வருகிறது. ராமைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடுகிறது. ராம் போய்விட்டதா அண்ணா?

போகவில்லை அம்மா. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து ராம் முனைகளிலும் ஸ்லாட்டின் உள்ளே உள்ள சின்னப் பின்களிலும் ஒரு படலம் கட்டுகிறது. கழற்றி மாட்டும்போது உரசலில் அது கொஞ்சம் விலகுவதால் ஆன் ஆகிறது. கேபினட்டின் பின்பக்க ஸ்க்ரூக்களைப் பாருங்கள். அவை துருப்பிடித்திருந்தால் உள்ளேயும் அதே காற்றுதான் போய்வருகிறது.

பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம். பலன் தரும், ஆனால் தங்க முலாமையும் சுரண்டிவிடும். அடிக்கடி செய்யாதீர்கள். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை நூல் பிரியாத துணியில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். சானிடைசர் கூடாது, அதில் தண்ணீர் இருக்கிறது. வாயால் ஊதுவதும் கூடாது, ஈரம்தான் உள்ளே போகும். சிஸ்டத்தைக் கடல் பார்த்த ஜன்னலிலிருந்து தள்ளி, தரையை விட்டு உயர்த்தி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேலை இல்லாவிட்டாலும் தினம் ஒரு மணி நேரம் ஓடட்டும். அதன் சூடே ஈரத்தை விரட்டும்.

முத்தியால்பேட்டை வாசகர்: கேபினட்டில் கை பட்டால் சுரீர் என்கிறது. பென் டிரைவ் செருகும்போது சில சமயம் சிஸ்டம் ஹேங் ஆகிறது.

எர்த் இல்லை. கேபினட்டைக் குறை சொல்ல வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டின் உலோகச் சட்டத்துக்குச் சின்ன ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த் வயர் உயிரோடு இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் சட்டத்தில் சுமார் 115 வோல்ட், அதாவது 230-இல் பாதி, மெல்லிய கரண்டோடு நிற்கும். யுஎஸ்பி, எச்டிஎம்ஐ போர்ட்டுகள் இதனால் பாழாவதுண்டு. அதோடு, எங்காவது உண்மையான லீக்கேஜ் வந்தால் காப்பாற்ற எதுவும் இருக்காது. இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

எலக்ட்ரீஷியனை அழைத்து ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். கடலோர மணலில் வெயில் காலத்தில் எர்த் குழி காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்ற வேண்டும். பிளக் பாயிண்ட்டிலேயே நியூட்ரலை எர்த்தோடு இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். நியூட்ரல் அறுந்தால் முழு ஃபேஸும் கேபினட்டுக்கு வரும், அது உயிருக்கு ஆபத்து.

லாஸ்பேட்டை மாணவர்: நானே அசெம்பிள் செய்த சிஸ்டம், 13-ஆம் தலைமுறை ஐ9. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நீலத்திரை. கேம் தொடங்கும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்கிறது. கார்டில் மெமரி தாராளமாக இருக்கிறது.

நீலத்திரை ஒவ்வொரு தடவையும் வேறாக வந்தால் முதல் சந்தேகம் ராம் மேல்தான். பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டின் சொந்த மென்பொருள்) எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பை அணையுங்கள். அதுவும் ஒரு வகை ஓவர்கிளாக்கிங்தான், அதாவது வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது. பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஒன்றைப் பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் தோல்விதான். வந்தால் ஒவ்வொரு ராமாகத் தனியே சோதியுங்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் அந்த வீடியோ மெமரி செய்தி வேறு பக்கம் கை காட்டுகிறது. 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் சிலவற்றில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் நாளடைவில் சிப் பலவீனமாவதை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாக ப்ராசசருக்குப் போகும் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது. பெட்டியில் விற்ற பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. புது பயாஸ் போட்டு, இன்டெல் டிஃபால்ட் அமைப்பில் ஓட்டிப் பாருங்கள். ஏற்கெனவே பலவீனமான சிப்பை பயாஸ் குணமாக்காது. தொல்லை தொடர்ந்தால் பில்லோடு வாரண்டிக்கு அனுப்புங்கள்.

வில்லியனூர் வாசகர்: வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போனால் சிஸ்டம் ஆஃப் ஆகிறது.

இன்வெர்ட்டரின் பின்புறம் 'யுபிஎஸ் மோடு' என்றொரு சுவிட்ச் இருக்கும், அதைப் போடுங்கள். சாதாரண மோடில் மாறும் நேரத்தை எஸ்எம்பிஎஸ் தாங்காது.

கடலூர் முதுநகர் வாசகர்: 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் தரையில் இருந்த சிபியூவுக்குள் தண்ணீர் போனது. காயவைத்து ஓட்டினோம், ஓடியது. இப்போது தானாக ஆன் ஆகிறது, யுஎஸ்பி வேலை செய்யவில்லை.

தண்ணீர் காய்ந்தாலும் அதோடு வந்த சேறும் உப்பும் போர்டிலேயே தங்கி, மெதுவாக அரிக்கும். போர்டின் அடியில் அரிப்பினால் வந்த பச்சைப் படிவு தெரிந்தால் அதில் செலவு செய்யாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸையும் தூக்கிப் போடுங்கள், வெள்ளம் பார்த்ததை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. ப்ராசசர், ராம், எஸ்எஸ்டி மூன்றையும் ஆல்கஹாலில் துடைத்துச் சோதித்தால் பிழைக்க வாய்ப்பு நிறைய. ப்ராசசர் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தையது என்றால் அதற்காகப் பழைய போர்டு தேடி அலைய வேண்டாம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அந்த ப்ராசசரை ஏற்காது.

நெல்லிக்குப்பம் வாசகி: வேலை பார்க்கும்போது நடுநடுவே அரை நிமிடம் அப்படியே உறைந்து நிற்கிறது. பிறகு தானே சரியாகிறது.

முதலில் போட்டோக்களையும் ஆவணங்களையும் வேறு இடத்தில் காப்பி எடுங்கள். அப்புறம் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பாருங்கள். சி5 (படிக்கச் சிரமப்படும் இடங்கள்) என்ற வரிசையின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்ற வேண்டும். சி7 (டேட்டா போய்வரும் வழியில் நேர்ந்த பிழைகள்) மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம். புது கேபிள் மாட்டிவிட்டு அன்றைய எண்ணைக் குறித்து வையுங்கள். பழைய எண்ணிக்கை குறையாது. ஒரு வாரத்தில் மேலே ஏறாமல் நின்றால் அதே டிஸ்க்கைத் தாராளமாக ஓட்டலாம்.